வீட்டுக்குள் வந்த வைத்தியசாலை

சிங்களத்தில் மல்வத்து ஓயா என்றும் தமிழில் அருவியாறு என்றும் வழங்கும் ஆறு, அநுராதபுரத்தின் பழைய குளங்களைத் தொட்டுக்கொண்டு வடமேற்காகத் திரும்பி, 164 கிலோமீற்றர் ஓடி, அரிப்புக்கு அருகே மன்னார்க் கடலில் விழுகின்றது. கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் ஊட்டுவது இந்த ஆறுதான். மன்னார்ப் பெருநிலத்து நெல்வயல்கள் பச்சை பிடிப்பது அக்குளத்தினால்தான். தலைமன்னாருக்குச் செல்லும் புகையிரதப் பாதையும் ஏறத்தாழ அதே திசையில் வருகின்றது. மதவாச்சியிற் பிரிந்து, செட்டிகுளம், மடு, முருங்கன் எனக் கடந்து, 106 கிலோமீற்றர் ஓடிக் கடலோரத்தில் நிற்கின்றது. ஆற்றுக்கும் பாதைக்கும் பொதுவான அந்த நாட்டைத்தான் இன்று உலகத்து மருத்துவ ஏடுகள் சிறுநீரக நோயின் நாடு என்று அறிந்து வைத்திருக்கின்றன.

1990களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாணத்து வைத்தியர்கள் ஒன்றைக் கண்டார்கள். மதவாச்சி, பதவியா முதலிய ஊர்களிலிருந்து வந்த நெற்செய்கைக்காரரிற் பலர் சிறுநீரகம் சுருங்கிச் சாகின்றனர். அவர்களுக்கு நீரிழிவும் இல்லை, இரத்த அழுத்தமும் முன்பு இருந்ததில்லை. காரணம் புலப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று அதற்குப் பெயரிட்டார்கள். கடின நீர், புளோரைட்டு, பூச்சிகொல்லி, வெயிலில் நீர் வற்றிய உழைப்பு எனக் காரணங்கள் பல கூறப்பட்டன. ஒன்றும் தனித்து நிலைநாட்டப்படவில்லை. ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும், எல்சால்வடோர், நிக்கராகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களிலும் இதை ஒத்த நோய் பரவியிருக்கின்றது. எல்லா இடங்களிலும் நோயாளி ஒருவரே: வெயிலில் உடலை விற்கும் உழைப்பாளி. காரணம் புலப்படவில்லை என்று எழுதிய கை, நோயாளியின் தொழிலை மட்டும் ஒவ்வொரு முறையும் தவறாமல் எழுதியிருக்கின்றது.

ஆறு நோயைச் சுமந்துகொண்டு மன்னாருக்கு வருகின்றது என்று நாம் கூறவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. கரையூர்களில் சிறுநீரகம் கெடுவது பெரும்பாலும் உலகெங்கும் கெடுவது போலவே, நீரிழிவாலும் இரத்த அழுத்தத்தாலும்தான். நாம் கேட்க விரும்புவது அடுத்த கேள்வி. எக்காரணத்தாலோ சிறுநீரகம் செத்துப்போன மனிதன், சாகாமல் எப்படி வாழ்கிறான்? அந்த வாழ்வு எத்தகைய வாழ்வு? மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காதவர்க்கு இன்று இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, வைத்தியசாலை எந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரித்தல். மற்றையது, தன் வயிற்றையே வடிகட்டியாக்கி வீட்டிலேயே சுத்திகரித்துக்கொள்ளுதல். பெரிட்டோனியல் டயாலிசிஸ் என்பர். இந்த இரண்டாவது வழியின் வரலாற்றை மன்னார்க் கரையில் நின்று பார்ப்பதே நமது நோக்கம்.

அதன் செயல்முறை எளிது. வயிற்றின் உட்புறத்தைப் போர்த்திக் குடலையும் ஈரலையும் தழுவிக் கிடக்கும் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. விரித்தால் அது உடம்பின் தோற்பரப்பு அளவு வரும். அதில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பரந்துள்ளன. தொப்புளுக்கு அருகே நிரந்தரமாகப் பொருத்திய மெல்லிய குழாயினூடாக, சர்க்கரையும் உப்புகளும் கலந்த சுத்தமான நீர் இரண்டு லீற்றரை வயிற்றுக்குள் இறக்குவார்கள். நாலைந்து மணி நேரம் அது உள்ளே கிடக்கும். இரத்தத்தின் கழிவுகள் சவ்வைக் கடந்து அந்த நீரில் இறங்கும். மிகை நீரைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும். பின்பு வடித்துவிட்டுப் புதிய நீரை நிரப்ப வேண்டும். நாளொன்றுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம். ஞாயிறும் இல்லை, திருநாளும் இல்லை.

இந்த எளிமையை அடைய ஒரு நூற்றாண்டு பிடித்தது. டயாலிசிஸ் என்ற சொல்லை 1861இல் வழங்கியவர் ஸ்கொட்லாந்து இரசாயன அறிஞர் தோமஸ் கிரஹாம். 1923இல் ஜெர்மனியில் ஜோர்ஜ் கான்ரர் என்ற வைத்தியர், சிறுநீர் அடைபட்ட நோயாளியின் வயிற்றில் உப்புநீரை இறக்கிப் பார்த்தார். நோயாளி தேறினார். தேறியவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அவர் இறந்துபோனார். ஒருமுறை செய்தால் போதாது, வாழும் காலமெல்லாம் செய்யவேண்டும் என்பது அந்த மரணத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்தறியப் பல ஆண்டுகள் சென்றன. 1946இல் பொஸ்டன் நகரில் பைன், பிராங்க், செலிக்மன் ஆகிய மூவர், திடீரெனச் சிறுநீரகம் நின்றுபோன ஒருவரை இவ்வழியால் பிழைக்கவைத்ததை அறிவித்தனர். எனினும் கிருமி புகுந்து வயிறு சீழ்பிடிக்கும் ஆபத்து இம்முறையை விட்டு அகலவில்லை.

இதற்கிடையே இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்திகரிக்கும் எந்திரம் முந்திக்கொண்டது. நாசிகள் பிடித்திருந்த ஹொலாந்தில், கம்பன் என்னும் சிற்றூர் வைத்தியசாலையில், வில்லெம் கொல்ப் 1943இல் அதனை உருவாக்கினார். முதற் பதினைந்து நோயாளிகள் ஏறத்தாழ அனைவரும் இறந்தார்கள். 1945இல் அந்த எந்திரத்தால் முதன்முதல் உயிர் மீண்ட மூதாட்டி யார் தெரியுமா? நாசிகளுக்குத் துணை போனவர் என்று சிறையிலிடப்பட்டிருந்தவர். ஊரே வெறுத்த ஒருவரை, நாசிகளை எதிர்த்து நின்ற ஒரு வைத்தியர் பிழைக்க வைத்தார். உயிருக்குத் தகுதி உண்டா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

பதினேழு ஆண்டுகளின் பின்பு அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். 1960இல் ஐக்கிய அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையிலே நிலையாகப் பொருத்தும் குழாயைக் கண்டுபிடித்தார். அதுவரை சில நாட்களுக்கான சிகிச்சையாக இருந்தது ஆயுட்காலச் சிகிச்சையாயிற்று. ஆனால் எந்திரங்கள் சில. சாகக் காத்திருப்போர் பலர். ஆகவே 1962இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. வழக்கறிஞர், மதகுரு, வங்கியாளர், இல்லத்தரசி, அரச அதிகாரி, தொழிற்சங்கத் தலைவர், அறுவை வைத்தியர் என எழுவர். யார் வாழ்வது, யார் சாவது என்பதை இவர்கள் கூடித் தீர்மானித்தார்கள். நோயாளியின் வருமானம், தொழில், படிப்பு, மணவாழ்க்கை, ஆலயத்துக்குச் செல்லும் வழக்கம் யாவும் நிறுக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் ஷானா அலெக்சாந்தர் லைப் சஞ்சிகையில் இதனை எழுதியபோது அந்நாடு திடுக்கிட்டது. திடுக்கிட்ட நாடு சட்டம் செய்ய மேலும் பத்தாண்டுகள் எடுத்தது. 1972இல்தான் சிறுநீரகம் செயலிழந்தோரின் சிகிச்சைச் செலவை அரசு ஏற்றது.

வயிற்று வழிச் சுத்திகரிப்பு இந்த ஆரவாரத்தின் ஓரத்தில் மெல்ல வளர்ந்தது. 1968இல் அதே சியாட்டிலில் ஹென்றி டெங்காப், சிலிக்கன் குழாயில் துணிப்பட்டைகளைச் சேர்த்துத் தசை அதனை இறுகப் பற்றும்படி செய்தார். இன்றும் பெரும்பாலோர் வயிற்றில் இருப்பது அவர் பெயர் கொண்ட குழாயே. ஆனால் இம்முறையின் பெரிய திருப்பம் ஒரு நோயாளியின் மறுப்பிலிருந்து பிறந்தது. 1975இல் டெக்சாசு மாநிலத்தின் ஒஸ்டின் நகரில் ஒருவருக்கு எந்திரச் சிகிச்சை செய்ய இரத்தக் குழாய் அமையவில்லை. வயிற்று வழிச் சிகிச்சை பெற இருநூறு மைல் தொலைவிலுள்ள டலாசு நகருக்குப் போய் வாழவேண்டும். அவர் போக மறுத்தார். அவரை என்செய்வது என்று பொறியியலாளர் பொப்போவிச்சும் வைத்தியர் மொன்கிரீப்பும் உட்கார்ந்து கணக்கிட்டார்கள். எந்திரமே வேண்டாம், இரண்டு லீற்றர் நீரை நாளுக்கு ஐந்து முறை மாற்றி, இடைநேரத்தில் மனிதன் நடமாடித் திரியலாம் என்று கணக்குச் சொன்னது. 1976இல் அவர்கள் எழுதிய ஆய்வுச் சுருக்கத்தைத் துறைசார் சங்கம் ஏற்க மறுத்துவிட்டது. சிறிது காலத்தில் டொரன்டோ நகரில், கிரேக்கத்திற் பிறந்த ஒரியோபௌலோஸ், கண்ணாடிப் போத்தலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். வெறும் பையைச் சுருட்டி ஆடைக்குள் செருகிக்கொண்டு நோயாளி வேலைக்குப் போனார். இணைப்பைத் துண்டிக்குமுன் கழுவிவிடும் இரட்டைக் குழாயை இத்தாலியர் சேர்த்ததும் கிருமித் தொற்று வெகுவாகக் குறைந்தது.

மருத்துவ வரலாறுகள் கண்டுபிடித்தவர் பெயரை எழுதுகின்றன. தொலைவூருக்குப் போய் வாழ முடியாது என்று சொன்ன அந்த மனிதரின் பிடிவாதத்துக்கும் அதில் ஓர் இடம் தரவேண்டும் என்பது நமது கருத்து. தன் ஊரில், தன் வீட்டில், தன் தொழிலோடு வாழ்வது உயிரோடிருப்பதைப் போலவே பெரிது என்று அவர் எண்ணினார். வைத்தியத்தையே தன் வீட்டுக்கு வரச்செய்தார்.

உயிர் காத்தாயிற்று, மனம் என்னவாயிற்று என்ற கேள்வி உடனே எழுந்தது. 1971இல் ஹரி ஏப்ரமும் அவருடைய தோழரும் அமெரிக்கச் சுத்திகரிப்பு நிலையங்களில் விசாரித்து, இந்நோயாளிகளிடையே தற்கொலை பொதுமக்களிடத்தினும் மிக அதிகம் என்று எழுதினார்கள். உணவுக் கட்டுப்பாட்டை வேண்டுமென்றே மீறிச் செத்தவர்களும், சிகிச்சையை வேண்டாமென்று விலகியவர்களும் அவர்கள் கணக்கில் உண்டு. 1980களின் தொடக்கத்தில் நோர்மன் லெவி என்ற மனநோய் வைத்தியர் சிறுநீரக நோயாளியின் மனத்தைப் பற்றியே தனித்துறை நூல்களைத் தொகுத்தார். 2013இல் வெளிவந்த பலநாட்டு ஆய்வுத் தொகுப்பு ஒன்று, நேர்முகமாகப் பேசி அறிந்தால் சுத்திகரிப்பு நோயாளிகளில் ஐந்திலொரு பங்கினருக்கு மேல் மனச்சோர்வுடையோர் என்றும், வினாத்தாள் கொண்டு அளந்தால் அத்தொகை ஐந்தில் இரண்டு பங்குவரை ஏறும் என்றும் காட்டியது. இந்த வேறுபாடு சிந்திக்கத்தக்கது. தூக்கமின்மை, பசியின்மை, களைப்பு ஆகியவற்றை வினாத்தாள் மனச்சோர்வின் அடையாளம் என்று எண்ணும். சிறுநீரகம் செத்த உடம்புக்கு அவை இயல்பாகவே உண்டு. உடல் எங்கே முடிகிறது, மனம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க வினாத்தாளால் முடியவில்லை.

வாழ்வின் தரத்தை அளக்கும் கோல்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1940களின் இறுதியில் கார்னொப்ஸ்கி என்ற புற்றுநோய் வைத்தியர் வகுத்த அளவுகோல் நெடுங்காலம் ஆண்டது. நூறு என்றால் நோயில்லை. பூச்சியம் என்றால் இறப்பு. இடையில் உள்ளதெல்லாம் ஒருவன் எவ்வளவு வேலை செய்வான், எவ்வளவு பிறர் உதவி வேண்டுவான் என்பதே. அதாவது மனிதன் உழைக்கும் மாடாக அளக்கப்பட்டான். 1994இல் சிறுநீரக நோயாளிக்கென்றே வந்த வினாத்தொகுதி ஒரு படி முன்னேற்றம். குடும்பத்துக்குத் தான் பாரமாகிவிட்டதாக நோயாளி கருதுகிறாரா என்று அது கேட்கிறது. நல்ல கேள்விதான். ஆனால் பாரம் என்ற உணர்வு அவருடைய நெஞ்சிலிருந்து ஊறியதா, மருந்துக்காக ஈடுவைத்த வள்ளத்திலிருந்து வந்ததா என்று அது கேட்பதில்லை.

எந்த வழி நோயாளிக்கு நல்லது? இரண்டிலும் ஆயுளும் வாழ்க்கைத் தரமும் பெரிதும் ஒத்தவையே என்பது பொதுவான முடிவு. எனினும் 2004இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தமக்குக் கிடைத்த பராமரிப்பு மிகச் சிறந்தது என்று கூறியோர் வயிற்று வழியினரில் 85 சதவீதம், எந்திர வழியினரில் 56 சதவீதம். வழிகளைப் பற்றி முன்கூட்டி விளக்கம் பெற்றதில் இரு சாராருக்கும் இருந்த வேற்றுமையும் பெரிது என்று அதே ஆய்வு கூறுகின்றது. தன் உடம்பை மாற்றுவது தன் கையில் இருக்கிறது என்ற எண்ணமும், தன்னிடம் ஒருவர் உட்கார்ந்து பேசினார் என்ற நினைவும் மனத்துக்கு மருந்தாயின போலும். அரசாங்கங்கள் வேறு காரணத்துக்காக இவ்வழியை விரும்பின. எந்திரமும் கட்டடமும் வேண்டாம், செலவு குறைவு. ஹொங்கொங் 1985இலும், தாய்லாந்து 2008இலும் முதலில் வயிற்று வழியே என்று கொள்கை வகுத்தன. தாய்லாந்தில் நோயாளி தாமே தேர்ந்துகொள்ளலாம் என 2022இல் மாற்றியபோது எந்திர வழிக்குக் கூட்டம் பெருகியது. அத்துடனும் விவாதம் ஓயவில்லை. வீட்டில் செய்யும் சிகிச்சை என்பது வீட்டாருக்குச் சுதந்திரமா, வீட்டார்மேல் சுமத்திய வேலையா என்பதே அந்த விவாதத்தின் உட்பொருள்.

இனி மன்னாருக்கு வருவோம்.

இக்கரையில் மனித உடம்பு எவ்வாறு எண்ணப்பட்டது என்பதற்குப் பழைய சான்றுகள் உள்ளன. 1905ஆம் ஆண்டு முத்துச் சலாபத்தில் குடியேற்ற அரசுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். அரிப்பு, மரிச்சுக்கட்டிக் கரைகளில் எடுக்கப்பட்ட சிப்பிகள் எண்ணப்பட்டன, ஏலமிடப்பட்டன, ஏட்டில் ஏறின. மூச்சடக்கி மூழ்கியவனின் காதும் நுரையீரலும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி வந்த தோட்டத் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழி நடந்தார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியெங்கும் வீழ்ந்தார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இருபுறமும் புகையிரதமும் ஓடத் தொடங்கியபின், தொழிலாளர் மண்டபம் முகாமிலே தடுத்துவைக்கப்பட்டு, ஊசி போடப்பட்டு, நோயற்றவர் என்று கண்டபின்னரே இக்கரைக்கு அனுப்பப்பட்டனர். இக்கடலோரம் முதலில் அறிந்த அரச வைத்தியம் இதுதான்: தோட்டத்துக்குள் தொற்று நுழையாமல் காக்கும் வேலி. வேலிக்கு வேண்டியது நோயாளி இருக்கிறாரா இல்லையா என்ற விடை மட்டுமே. இருபது ஆண்டுகள் நோயோடு வாழப்போகிற ஒருவரைப் பார்க்கும் கண் அதற்கு இல்லை.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வேரூன்றிய இலவச வைத்தியம் இந்த நிலையை மாற்றியது. அதனை எந்தக் குறையின் பொருட்டும் நாம் இழித்துரைக்க மாட்டோம். ஏழைநாடு ஒன்றின் மீனவர் காசின்றி வைத்தியசாலைக்குள் நுழைய முடிந்தது சிறு செய்தியன்று. 1985இல் இந்நாட்டில் முதற் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்தது. 2021இல் சீன உதவியுடன் பொலநறுவையில் சிறுநீரக நோய்க்கென்றே பெரிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஆனால் மன்னார் அந்த வளர்ச்சியின் பெரும் பகுதிக்கு வெளியே கிடந்தது. 1990இல் தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. அவ்வாண்டே தலைமன்னார்ப் புகையிரதமும் நின்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல் விடுதலைப் புலிகளால் துரத்தப்பட்டனர். அவர்களில் மிகப் பெருந்தொகையினர் மன்னார் மாவட்டத்தார். எருக்கலம்பிட்டியிலும் முசலியிலும் பிறந்தவர்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் முதுமையடைந்தார்கள். தமிழரும் ஓரிடத்தில் இருக்கவில்லை. மடுத் திருத்தலத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர்மேல் 1999 நவம்பரில் எறிகணை வீழ்ந்தது. 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கம்பிவேலிக்குள் இருந்தார்கள். பாலம் 2010இல் யப்பானிய உதவியோடு மீண்டும் எழுந்தது. புகையிரதம் தலைமன்னார் இறங்குதுறையை அடைந்தது 2015இல். இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளில் மன்னார் மனிதனுக்கு வீடு என்பது எப்போது விட்டோட நேரும் என்று தெரியாத பொருளாயிற்று.

யாழ்ப்பாணத்து மனநோய்ப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக வலியுறுத்தி வருவது இங்கே பொருந்தும். போரின் காயம் தனிமனிதன் நெஞ்சிலே மட்டும் படுவதில்லை, குடும்பமும் ஊரும் தம் வேலைகளைச் செய்ய முடியாமற்போவதே பெருங்காயம் என்பது அவர் கூற்றின் சாரம். உறவினர் கூடி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே பெரியது என்று பெருமைப்படுகிறோம். அந்த உறவினரில் ஒருவர் புத்தளத்திலும், ஒருவர் கனடாவிலும், ஒருவர் காணாமற்போனோர் பட்டியலிலும் இருந்தால் யார் கூடுவது?

இப்போது அந்த இரண்டு லீற்றர்ப் பையோடு ஒரு மன்னார் வீட்டுக்குள் நுழைவோம். பேசாலையிலோ பள்ளிமுனையிலோ கரைவலை இழுத்து வாழ்ந்த ஒருவரை எண்ணிக்கொள்வோம். பை மாற்றும்போது சாளரத்தைச் சாத்தவேண்டும்; மின்விசிறியை நிறுத்தவேண்டும்; வாயைத் துணியால் மூடவேண்டும்; ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுக் கை கழுவவேண்டும். சோளகக் காற்று மணலை வாரி வீசும் மாதங்களில், ஓலை வேய்ந்த ஓர் அறை வீட்டில், ஏழு பேர் உறங்கும் இடத்தில், கிணற்று நீர் உவர்க்கும் தீவில் இவை எப்படி நடக்கும்? நடக்கின்றன என்பதுதான் வியப்பு. சேலையால் மறைத்த ஒரு மூலை, தட்டியெடுத்த ஒரு மேசை, கொதிக்கவைத்து ஆற்றிய ஒரு குடம் நீர் ஆகியவற்றைக் கொண்டு எளிய குடும்பங்கள் சத்திரசிகிச்சைக் கூடத்தின் ஒழுங்கை நாளுக்கு நான்கு முறை படைத்துவிடுகின்றன. இதைச் செய்பவர் பெரும்பாலும் மனைவி அல்லது மகள். அவர் உறக்கத்தை எந்த வினாத்தாளும் அளக்கவில்லை.

உணவிலும் ஒரு விசித்திரம் உண்டு. வயிற்று நீரோடு புரதம் கொஞ்சம் வடிந்துபோவதால் இந்நோயாளி மீனும் முட்டையும் தாராளமாக உண்ணவேண்டும் என்பர். மன்னாரில் மீனுக்குக் குறையில்லை. ஆனால் அதே மீன் உப்பிட்டு உலர்ந்து கருவாடானால் விலக்கு. மழைக்காலத்தில் கடல் மூடும்போது ஏழைவீட்டுக் குழம்பில் மிதப்பது கருவாடுதான். விலக்குப் பட்டியல் எழுதிய கைக்குப் பருவகாலம் தெரிவதில்லை. பாரம் தூக்கவேண்டாம் என்பதும் ஒரு விதி. வயிற்றில் நீர் இருக்க வலை இழுத்தால் குடலிறக்கம் வரும். கடலில் இறங்குவதும் குழாய் வாயிலுக்கு ஆகாது என்றே பெரும்பாலும் சொல்வர். கடலில் இறங்காத மீனவர் தன் ஊரில் யார்? கரையில் அமர்ந்து வலை பொத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொத்துவதற்குக் கூலி உண்டு. சபையில் முன்பிருந்த சொல் உண்டா என்பது வேறு. பெண்ணானால் வேறொரு துன்பம். நீர் நிறைந்த வயிற்றைப் பார்த்து எத்தனை மாதம் என்று கேட்கும் அயல் உண்டு. திருமணமாகாத பெண்ணுக்கு அக்கேள்வி எத்தகையது என்பதை விரிக்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் நாம் மனநலம் என்று கூறவேண்டும். மனம் தளர்ந்த நோயாளிக்கு ஆறுதல் கூறும் ஆலோசகர் வேண்டும், அதில் ஐயமில்லை. சிந்தனையைத் திருத்தும் உரையாடற் சிகிச்சை சுத்திகரிப்பு நோயாளிகளின் சோர்வைக் குறைத்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் உவர்நீரைப் பேச்சால் நன்னீராக்க முடியாது. முசலியில் மீளக் குடியேறியவர் தம் பழைய நிலம் காட்டு ஒதுக்கமாக வரையப்பட்டிருக்கக் கண்டு அலைந்தார்கள். அவர்களில் ஒருவரிடம் வீட்டில் தனியறை ஒன்று ஒதுக்குங்கள் என்று சொல்லும் தாதி, எந்த வீட்டைக் குறிக்கிறார்?

சியாட்டிலில் எழுவர் கூடினார்கள். மன்னாரில் எவரும் கூடுவதில்லை. சிறுநீரக வல்லுநரையும், குழாய் பொருத்தும் அறுவைப் பிரிவையும், தொற்றுக் கண்டவுடன் சேர்க்கும் கட்டிலையும் தேடி வவுனியாவுக்கும் அநுராதபுரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போவோர் பலர். பேருந்துக் கட்டணமும், துணைக்கு வருபவரின் இழந்த நாட்கூலியும், இரவு தங்க இடமும் அங்கே எழுவர் குழுவின் வேலையைச் செய்கின்றன. வருமானத்தை அவையும் நிறுக்கின்றன. ஆனால் அவற்றைப் பற்றிச் சஞ்சிகையில் எழுதி நாட்டைத் திடுக்கிட வைக்க முடிவதில்லை. வடித்த நீர் கலங்கினால் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்பது இச்சிகிச்சையின் முதற் பாடம். தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்கே முப்பது கிலோமீற்றர் வரும். வவுனியாவுக்கு மேலும் எண்பது. நள்ளிரவில் நீர் கலங்கியவர் விடியும்வரை காத்திருக்கிறார்.

பையின் பயணம் இன்னும் நீண்டது. நாளொன்றுக்கு எட்டு லீற்றர். மாதத்துக்கு இருநூற்று நாற்பது. உலகில் இதனைச் செய்யும் நிறுவனங்கள் மிகச் சில. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அமெரிக்காவின் வடகரோலினா மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையை நீரில் மூழ்கடித்தபோது, அவ்வளவு பெரிய நாட்டிலேயே வயிற்று வழி நோயாளிகளின் பைகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. புதிதாக எவரையும் இச்சிகிச்சையில் சேர்க்காது நிறுத்தி வைத்த நிலையங்களும் உண்டு. நம் நாடு அதற்கு முன்னரே பாடம் கற்றிருந்தது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது மருந்தும் எரிபொருளும் ஒருங்கே அற்றன. அவ்வாண்டு மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்தின்மையால் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைத்தது. வைத்தியசாலைக்குப் போகவேண்டிய நோயாளியும் பெற்றோல் வரிசையில் நின்றார். மின்சாரம் வேண்டாத சிகிச்சை, எந்திரம் வேண்டாத சிகிச்சை என்று இதனைப் போற்றுவோம். டொலர் வேண்டாத சிகிச்சையாக அது இன்னும் ஆகவில்லை.

இந்தியாவில் 2016இல் தொடங்கிய தேசியச் சுத்திகரிப்புத் திட்டம் முதலில் எந்திரத்தையே கருதியது; 2019இல்தான் வயிற்று வழிக்கும் வழிகாட்டு நெறி எழுதப்பட்டது. இவ்வழிக்கு மாறும் நாடுகளுக்கெல்லாம் இக்கணக்குப் பொதுவானது. கட்டில், எந்திரம், கட்டடம் ஆகிய செலவு அரசின் ஏட்டிலிருந்து கழிகின்றது. அறை, நீர், ஓர் ஆளின் நேரம் ஆகிய செலவு குடும்பத்தின் ஏட்டிலே, எழுதப்படாமல், ஏறுகின்றது. வைத்தியசாலை வீட்டுக்குள் வருவதானால் வைத்தியசாலைக்குக் கொடுத்த குழாய்நீரும் சுவரும் கூரையும் உடன் வரவேண்டும். அறை சேர்த்துக் கட்ட உதவிப்பணம், பராமரிக்கும் பெண்ணுக்கு ஒரு படி, தீவுக்குள்ளேயே தொற்றுக்கு மருந்தேற்றும் ஏற்பாடு, கையெழுத்தறியாத நோயாளிக்கும் புரியத் தமிழிலே பயிற்சி ஆகியவை கருணைக் கோரிக்கைகளென்று எவரும் எண்ணலாகாது. அரசு மிச்சப்படுத்தும் கட்டிலின் விலையிலிருந்து திருப்பிக் கொடுக்கவேண்டிய பங்கு அது.

இச்சிகிச்சையை நன்கு நடத்தும் நிலையங்களிலே ஒரு நடைமுறை உண்டு. வயிற்றில் குழாய் வைக்குமுன் தாதி நோயாளியின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். நீர் எங்கிருந்து வருகிறது, கதவு மூடுகிறதா, வெளிச்சம் போதுமா, இரவில் யார் உடனிருப்பார், பெட்டிகளை எங்கே அடுக்குவது என்று குறித்துக்கொள்வார். ஒரு மாதத்துப் பெட்டிகள் சுவரோரம் அடுக்கினால் ஆளுயரம் வரும். வெயில் படக்கூடாது, ஈரம் படக்கூடாது, தரையிலும் வைக்கக்கூடாது. மன்னார்த் தீவின் ஓரறை வீட்டில் அந்தச் சுவரோரத்தில்தான் பிள்ளைகள் பாய் விரிப்பார்கள்.